டீலரிடம் கழித்துக்கொண்ட 7,500 டாலருக்கும் கணக்குச் சொல்ல வேண்டும்: அமெரிக்க மின்சாரக் கார் டாக்ஸ் கிரெடிட், படிப்படியாக

அமெரிக்காவில் மின்சாரக் கார் வாங்குபவர்களுக்கு மத்திய அரசு கொடுத்துவந்த டாக்ஸ் கிரெடிட் 2025 செப்டம்பர் 30-ஆம் தேதியோடு நின்றுவிட்டது. நின்றுபோன ஒன்றைப் பற்றி இவ்வளவு நீளமாக எழுதக் காரணம் இருக்கிறது. கார் வாசலில் நிற்க, கணக்கு மட்டும் முடியாமல் இருப்பவர்கள் நம்மவர்களில் நிறையப் பேர். டீலரிடமே 7,500 டாலரைக் கழித்துக்கொண்டு, வேலை அதோடு தீர்ந்தது என்று நினைத்து வரிப் படிவத்தில் எதையும் எழுதாமல் விட்டவர்கள் சிலர். செப்டம்பரில் ஒப்பந்தம் போட்டு நவம்பரில் காரை எடுத்துவிட்டு, தேதி தாண்டிவிட்டதே என்று கையை விரித்தவர்கள் சிலர். "எனக்குத்தான் வருஷா வருஷம் ரீஃபண்ட் வருதே, அப்புறம் எதுல கிரெடிட் கழிக்கிறது?" என்று 2023-இல் வாங்கிய காருக்கு இன்னும் கேட்காமலே இருப்பவர்களும் உண்டு.

இந்தக் கடைசி வகையில் என் நெருங்கிய நண்பர் ஒருவர் இருந்தார். அவர் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஒரு சனிக்கிழமை முழுக்கப் பழைய படிவங்களைப் புரட்டிய பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன். நான் கணக்காளர் அல்ல. சொந்தக் காருக்காகவும் நண்பர்களுக்காகவும் இந்தப் படிவத்தோடு பலமுறை மல்லுக்கட்டியவன்.

முதலில் மூன்று சொற்களைப் பிரித்துக்கொள்வோம்

டிடக்‌ஷன், கிரெடிட், ரீஃபண்ட். பேச்சில் மூன்றையும் "டாக்ஸ்ல கிடைக்கும்" என்று ஒரே சொல்லில் அடைத்துவிடுகிறோம். குழப்பத்தின் வேர் அங்கேதான்.

டிடக்‌ஷன் என்பது வருமானத்தில் கழிவது. 22 சதவீத வரி அடுக்கில் இருப்பவர் 1,000 டாலர் டிடக்‌ஷன் காட்டினால் அவருக்கு மிச்சமாவது 220 டாலர். கிரெடிட் அப்படியல்ல, அது வரியிலேயே நேராகக் கழிகிறது. 1,000 டாலர் கிரெடிட் என்றால் மிச்சமும் 1,000 டாலர். ரீஃபண்ட் என்பது இந்த இரண்டிலும் சேராது. ஆண்டு முழுக்கச் சம்பளத்தில் பிடித்த தொகை உங்கள் உண்மையான வரியைவிட அதிகமாக இருந்தால், அந்த அதிகப்படி உங்களுக்கே திரும்பி வருகிறது. அது நீங்கள் முன்கூட்டிக் கட்டிவைத்த உங்கள் பணம்.

நண்பர் கணக்கையே எடுத்துக்கொள்வோம். கணவன், மனைவி இருவர் மட்டும், சேர்ந்து தாக்கல் செய்கிறார்கள். 2023-இல் இருவர் சம்பளமும் சேர்ந்து 80,000 டாலர். அந்த ஆண்டின் நிலையான கழிவு (ஸ்டாண்டர்டு டிடக்‌ஷன்) 27,700 போக, வரிக்கு உட்பட்டது 52,300. அதற்கு வரி ஏறத்தாழ 5,840 டாலர். சம்பளத்தில் பிடித்திருந்தது 6,500. ஆக, 660 டாலர் ரீஃபண்ட் வந்தது. வந்ததும், "நாம் வரியே கட்ட வேண்டியதில்லை, அதனால் கிரெடிட்டும் கிடையாது" என்று முடிவுகட்டிவிட்டார்.

அவர் பார்த்தது படிவத்தின் கடைசி வரிசையை. பார்த்திருக்க வேண்டியது படிவம் 1040-இன், அதாவது ஆண்டு வருமான வரிப் படிவத்தின், 18-ஆவது வரிசையை. அங்கே 5,840 என்று இருந்தது. அதுதான் அவருடைய வரி. அவர் வாங்கிய ஷெவர்லே போல்ட் முழு 7,500 டாலருக்குத் தகுதியான கார். கிரெடிட்டைக் கேட்டிருந்தால் வரி பூஜ்யமாகி, பிடித்த 6,500 டாலரும் திரும்பியிருக்கும். கையில் வந்ததோ 660.

இதே கணக்கில் கிரெடிட்டின் எல்லையும் தெரிகிறது. 7,500-இல் 5,840 போக மீதி 1,660 டாலர் என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது, போய்விடும். வரியைப் பூஜ்யம் வரைதான் இந்தக் கிரெடிட் இறக்கும், அதற்குக் கீழே காசாகத் தராது. சொந்தப் பயன்பாட்டுக் காருக்கு மீதியை அடுத்த ஆண்டுக்குக் கொண்டுபோகவும் வழியில்லை. இதைச் சரிக்கட்ட 2024-இல் வந்த ஏற்பாடுதான் கிரெடிட்டை டீலரிடம் மாற்றிக்கொடுப்பது. அதைப் பின்னால் விரிவாகப் பார்ப்போம்.

படி 1: உங்களுடையது எந்த வகை?

2022 ஆகஸ்ட் 16-இல் கையெழுத்தான பணவீக்கக் குறைப்புச் சட்டத்தின்படி மூன்று தனித்தனி வாசல்கள் இருந்தன. புதிய கார் வாங்கினால் 7,500 டாலர் வரை. பழைய மின்சாரக் காரை டீலரிடம் வாங்கினால் 4,000 டாலர் வரை. மூன்றாவது, வணிக வாகனங்களுக்கானது.

இந்த மூன்றாவதில்தான் லீஸ் எடுத்தவர்கள் வருகிறார்கள். லீஸ் எடுத்தால் காரின் உரிமையாளர் நீங்கள் அல்ல, லீஸ் நிறுவனம். கிரெடிட் அந்த நிறுவனத்துக்கே போகும். அதில் ஒரு பங்கையோ முழுவதையோ உங்கள் மாதத் தவணையில் குறைத்துக் கொடுத்திருப்பார்கள். அப்படிக் கொடுக்கச் சட்டம் அவர்களைக் கட்டாயப்படுத்தவில்லை. வருமான வரம்பு, காரின் விலை வரம்பு, அது எங்கே தயாரிக்கப்பட்டது என்ற கேள்வி எதுவும் அந்த வாசலில் இல்லாததால்தான், வெளிநாட்டிலிருந்து வந்த கார்களும் லீஸில் மலிவாகக் கிடைத்தன. நீங்கள் லீஸ் எடுத்தவர் என்றால் வரிப் படிவத்தில் இதற்காக எதுவும் எழுத வேண்டாம். எழுதவும் கூடாது. "லீஸ் ஒப்பந்தத்துல 7,500 போட்டிருக்கே" என்று, கிரெடிட் கேட்பதற்கான படிவம் 8936-ஐ நிரப்பியவர்களைப் பார்த்திருக்கிறேன். அது ஐ.ஆர்.எஸ். (அமெரிக்க வருமான வரித்துறை) கடிதத்தை வீட்டுக்கு அழைக்கும் வேலை. லீஸ் முடிந்து அதே காரை நீங்கள் வாங்கினாலும் புதிய கார் கிரெடிட் கிடையாது. முதல் பயன்பாடு உங்களிடம் தொடங்க வேண்டும் என்ற விதியில் அது அடிபட்டுப் போகும்.

படி 2: தேதியைப் பாருங்கள், எந்தத் தேதி என்பதையும் பாருங்கள்

2025 ஜூலை 4-இல் கையெழுத்தான சட்டம், செப்டம்பர் 30-க்குப் பிறகு "அடையப்பட்ட" வாகனங்களுக்கு மூன்று வாசல்களையும் மூடியது. முதலில் வைத்திருந்த கெடு 2032 கடைசி வரை. ஏழு ஆண்டு முன்னாலேயே கதவு சாத்தப்பட்டது.

இங்கே "அடைவது" என்றால் காரை ஓட்டிக்கொண்டு வீட்டுக்கு வருவது அல்ல. ஐ.ஆர்.எஸ். 2025 ஆகஸ்டில் கொடுத்த விளக்கத்தின்படி, இருதரப்பையும் கட்டுப்படுத்தும் எழுத்துபூர்வ ஒப்பந்தமும், ஏதாவது ஒரு தொகை செலுத்தியதும், இரண்டும் செப்டம்பர் 30-க்குள் நடந்திருந்தால் போதும். தொகை சிறியதாக இருக்கலாம். உங்கள் பழைய காரை மாற்றாகக் கொடுத்திருந்தாலும் அது செலுத்தியதாகவே கொள்ளப்படும். கார் அதற்குப் பிறகு கைக்கு வரலாம்.

ஆனால் கவனமாக இருங்கள். இணையத்தில் 100 டாலர் கட்டி இடம் பிடித்துவைப்பதும் கட்டுப்படுத்தும் ஒப்பந்தமும் ஒன்றல்ல. எந்த நேரமும் ரத்து செய்து பணத்தைத் திரும்பப் பெறலாம் என்றிருந்தால் அது வெறும் முன்பதிவு. உங்களிடம் உள்ள தாளில் காரின் விவரம், விலை, இருதரப்புக் கையெழுத்து, செப்டம்பர் 30-க்கு உட்பட்ட தேதி ஆகியவை இருக்கின்றனவா என்று பாருங்கள். பணம் கட்டிய வங்கி வரவுசெலவுப் பக்கத்தையும் அதோடு சேர்த்து வையுங்கள்.

கிரெடிட்டை எந்த ஆண்டில் கேட்பது என்பதற்கு மட்டும் கார் கைக்கு வந்த தேதிதான் கணக்கு. ஒப்பந்தம் 2025 செப்டம்பரில், கார் வந்தது 2026 ஜனவரியில் என்றால் 2026-ஆம் ஆண்டுக்கான படிவத்தில்தான் கேட்க வேண்டும்.

படி 3: கார் தகுதியானதா?

இந்தப் படி முன்பு தலைசுற்ற வைப்பதாக இருந்தது. பேட்டரிக் கனிமங்கள் எங்கிருந்து வந்தன என்பதற்கு 3,750, பேட்டரியின் பாகங்கள் எங்கே செய்யப்பட்டன என்பதற்கு 3,750 என்று 7,500-ஐ இரண்டாகப் பிளந்திருந்தார்கள். 2024 ஜனவரி 1-இல் சீனத் தொடர்புள்ள பேட்டரிப் பாகங்களுக்குத் தடை வந்ததும், முதல்நாள் வரை பட்டியலில் இருந்த டெஸ்லா மாடல் 3-இன் சில வகைகள் மறுநாள் காலையில் காணாமல்போயின. இப்போது நீங்கள் பட்டியலைத் தேடி அலைய வேண்டியதில்லை. கார் வாங்கியபோது டீலர் உங்களுக்குக் கொடுத்திருக்க வேண்டிய விற்பனை அறிக்கை என்று ஒன்று உண்டு. உங்கள் பெயர், வரி எண், காரின் வின் எண் (ஒவ்வொரு காருக்கும் உரிய தனி அடையாள எண்), பேட்டரித் திறன், விற்ற தேதி, அந்தக் காருக்கு அதிகபட்சம் எவ்வளவு கிரெடிட் என்பது எல்லாம் அதில் இருக்கும். இந்த வழிகாட்டியில் வேறு எதை மறந்தாலும் அந்தத் தாளை மறக்காதீர்கள்.

நீங்களே சரிபார்க்க வேண்டியவை இரண்டு. கடைசிப் பூட்டுவேலை, அதாவது பாகங்களைக் கோத்துக் காராக முடிக்கும் வேலை, வட அமெரிக்காவில் நடந்திருக்க வேண்டும். வின் எண்ணின் முதல் எழுத்து 1, 4, 5, 7 என்றால் அமெரிக்கா, 2 என்றால் கனடா, 3 என்றால் மெக்சிகோ. அடுத்தது விலை. எஸ்.யு.வி., பிக்கப், வேன் ஆகியவற்றுக்கு 80,000 டாலர், மற்றக் கார்களுக்கு 55,000 டாலர் வரம்பு. நீங்கள் பேரம் பேசிக் கொடுத்த விலையை இதற்கு எடுத்துக்கொள்வதில்லை, ஜன்னலில் ஒட்டிய தாளில் தயாரிப்பாளர் போட்டிருந்த விலையைத்தான் எடுப்பார்கள். ஆலையிலேயே பொருத்திய கூடுதல் வசதிகள் அதில் சேரும். கொண்டுவரும் கூலி, டீலர் தாமாகச் சேர்த்தவை, விற்பனை வரி சேராது. 56,000 டாலர் விலை போட்ட செடானை 54,000-க்குப் பேசி வாங்கினாலும் கிரெடிட் இல்லை.

எது எஸ்.யு.வி., எது கார் என்பதிலேயே ஒரு சண்டை நடந்தது. 2023 ஜனவரியில் ஐந்து இருக்கை டெஸ்லா மாடல் ஒய் "கார்" என்று 55,000 வரம்புக்குள் தள்ளப்பட்டது. பிப்ரவரி 3-ஆம் தேதி கருவூலத் துறை விதியைத் திருத்தி, எரிபொருள் சிக்கன முத்திரையில் உள்ள வகைப்பாட்டையே எடுத்துக்கொள்வதாகச் சொன்னது. அந்த ஜனவரியில் வாங்கியவர்களுக்கும் திருத்தம் பொருந்தும். அப்போது "கிடையாது" என்று கேள்விப்பட்டு விட்டுவிட்டவர் நீங்களாக இருந்தால் கடைசிப் படியைத் தவறாமல் படியுங்கள்.

பழைய கார் என்றால் விதிகள் வேறு. விலை 25,000 டாலரைத் தாண்டக்கூடாது. உரிமம் பெற்ற டீலரிடம் வாங்கியிருக்க வேண்டும், தெரிந்தவரிடம் நேரடியாக வாங்கியது சேராது. காரின் மாடல் ஆண்டு, வாங்கிய ஆண்டைவிடக் குறைந்தது இரண்டு ஆண்டு பழையதாக இருக்க வேண்டும். கிரெடிட் விலையில் 30 சதவீதம் அல்லது 4,000 டாலர், இரண்டில் எது குறைவோ அது. மூன்றாண்டுக்கு ஒருமுறைதான். இதில் பலர் இடறியது, ஆவண வேலைக்கென்று டீலர் வாங்கும் காகிதக் கட்டணத்தில். 24,900 டாலர் காருக்கு 300 டாலர் காகிதக் கட்டணம் போட்டால் விலை 25,200 ஆகிறது. சட்டப்படி கட்ட வேண்டிய வரியும் பதிவுக் கட்டணமும்தான் விலையில் சேராதவை.

படி 4: வருமான வரம்பு, நம்மவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம்

புதிய காருக்குத் தம்பதி சேர்ந்து தாக்கல் செய்தால் 3,00,000 டாலர். குடும்பத் தலைவர் (ஹெட் ஆஃப் ஹவுஸ்ஹோல்ட்) என்ற நிலையில் தாக்கல் செய்பவருக்கு 2,25,000. மற்ற எல்லோருக்கும் 1,50,000. பழைய காருக்கு இவை சரிபாதி: 1,50,000, 1,12,500, 75,000.

வரம்பை ஒரு டாலர் தாண்டினாலும் முழுக் கிரெடிட்டும் போய்விடும். படிப்படியாகக் குறைவது என்ற பேச்சே இதில் இல்லை. இவ்வளவு கடுமையான விதிக்கு ஒரு நல்ல விலக்கும் வைத்திருக்கிறார்கள். கார் கைக்கு வந்த ஆண்டு, அதற்கு முந்தைய ஆண்டு, இரண்டில் எதில் வருமானம் குறைவோ அதை எடுத்துக்கொள்ளலாம். ஒன்றில் வரம்புக்குள் இருந்தால் போதும். 2025-இல் போனஸும் பங்கும் சேர்ந்து 3,20,000 ஆகியிருந்தாலும் 2024-இல் 2,90,000 என்றால் தப்பித்தீர்கள். பழைய படிவத்தை எடுத்து, வருமானத்தைக் காட்டும் 11-ஆவது வரிசையைப் பாருங்கள். திருமணமான ஆண்டு என்றால் ஒவ்வோர் ஆண்டையும் அந்தந்த ஆண்டு எப்படித் தாக்கல் செய்தீர்களோ அந்த வரம்போடு ஒப்பிட வேண்டும்.

இந்த வருமானத்தில் என்னென்ன சேரும் என்பதுதான் நமக்கான கேள்வி. எச்-1பி விசாவில் இருந்தாலும், வரிக்கணக்கில் குடியிருப்பவர் ஆகிவிட்டால் உலகத்தின் எந்த மூலையில் வரும் வருமானமும் அமெரிக்கப் படிவத்தில் வர வேண்டும். சென்னை வீட்டின் வாடகை வரும். வங்கி எஃப்.டி. வட்டி வரும். வெளிநாடுவாழ் இந்தியர்களுக்கான என்.ஆர்.இ. வங்கிக் கணக்கு வட்டிக்கு இந்தியாவில் வரி இல்லை என்பதால் இங்கேயும் இல்லை என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இங்கே அதற்கு வரி உண்டு, இந்த வரம்புக் கணக்கிலும் அது சேரும். கம்பெனி கொடுத்த பங்குகள் கைக்கு வரும் நாளில் அவற்றின் மதிப்பு சம்பளமாகவே டபிள்யூ-2 என்ற ஆண்டுச் சம்பளப் படிவத்தில் ஏறிவிடும். வெளிநாட்டில் வேலை செய்து, படிவம் 2555 மூலம் அந்தச் சம்பளத்தை விலக்கியிருந்தால் அதையும் இந்தக் கணக்குக்காகத் திரும்பச் சேர்க்க வேண்டும்.

வரம்பைச் சில நூறு, சில ஆயிரம் டாலர் தாண்டி நிற்பவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. 401(கே) ஓய்வுக்காலச் சேமிப்பில் போட்டு வருமானத்தைக் குறைப்பதற்கு டிசம்பர் 31-தான் கெடு, அது தாண்டினால் முடிந்தது. ஆனால் தகுதியான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் இருந்து எச்.எஸ்.ஏ. என்ற மருத்துவச் சேமிப்புக் கணக்கு வைத்திருப்பவர்கள், தாக்கல் கெடுவான ஏப்ரல் 15 வரை முந்தைய ஆண்டுக்கென்று பணம் போடலாம். 2025-க்குக் குடும்ப வரம்பு 8,550 டாலர், தனிநபருக்கு 4,300. அவ்வளவு தொகையும் வருமானத்திலிருந்து இறங்கும். 3,02,000-இல் நின்ற ஒருவர் 2,500 டாலரை எச்.எஸ்.ஏ.-வில் போட்டு 7,500-ஐக் காப்பாற்றிக்கொள்ள முடியும். இதைத் தாக்கல் செய்வதற்கு முன்பே யோசிக்க வேண்டும்.

படி 5: டீலரிடம் மாற்றிக்கொடுத்தீர்களா, படிவத்தில் கேட்கப்போகிறீர்களா?

2024 ஜனவரி 1 முதல் இந்த இரண்டு வழிகளும் இருந்தன. மாற்றிக்கொடுத்தல் என்றால், உங்கள் கிரெடிட் உரிமையை டீலருக்கு எழுதிக்கொடுக்கிறீர்கள். டீலர் அந்தத் தொகையை அங்கேயே விலையில் கழித்துவிட்டு, ஐ.ஆர்.எஸ். இணையதளத்தில் பதிந்து அரசிடமிருந்து வாங்கிக்கொள்வார். விற்பனை நேரத்தில் மட்டுமே இதைச் செய்ய முடியும். அதற்குப் பிறகு மனம் மாற இடமில்லை.

இதன் பெரிய நன்மை, குறைந்த வரி கட்டுபவர்களுக்கு. என் நண்பர் போன்ற ஒருவர் 2024-இல் வாங்கி மாற்றிக்கொடுத்திருந்தால், வரி 5,840 ஆக இருந்தாலும் முழு 7,500-ம் அவருடையது. வரி போதவில்லை என்று அரசு மீதியைத் திரும்பக் கேட்காது. ஓய்வு பெற்ற பெற்றோர், படித்துக்கொண்டே வேலை பார்க்கும் பிள்ளைகள், ஒற்றைச் சம்பளக் குடும்பங்கள் என்று வரி குறைவாக உள்ள எல்லோருக்கும் இந்தச் சட்டம் செய்த ஆகப்பெரிய நன்மை இதுதான் என்பது என் கருத்து.

வருமான வரம்பைத் தாண்டியவர் கதை வேறு. அவர் டீலரிடம் வாங்கிய முழுத் தொகையையும் வரிப் படிவத்தோடு இணைக்கும் ஷெட்யூல் 2 தாளில் காட்டித் திரும்பக் கட்ட வேண்டும். டீலர் உங்கள் வருமானத்தைச் சரிபார்ப்பதில்லை. வரம்புக்குள் இருப்பேன் என்று நீங்கள் கையெழுத்திட்டுக் கொடுத்ததை அவர் ஏற்றுக்கொண்டிருப்பார், அவ்வளவுதான். "டீலரே கொடுத்துட்டாரே, அப்ப தகுதி இருக்குன்னுதானே அர்த்தம்?" என்று கேட்டவர்களிடம் நான் திரும்பத் திரும்பச் சொன்னது இதைத்தான். காரை 30 நாளுக்குள் விற்றுவிட்டாலும் கிரெடிட் போய்விடும்.

படி 6: படிவம் 8936

மாற்றிக்கொடுத்தவர், கொடுக்காதவர், திரும்பக் கட்ட வேண்டியவர் எல்லோரும் நிரப்ப வேண்டிய படிவம் இது. டீலரிடம் தள்ளுபடி வாங்கியவர் இதை விட்டுவிட்டால், டீலர் அனுப்பிய அறிக்கை ஒரு பக்கமும் உங்கள் மௌனம் இன்னொரு பக்கமுமாக ஐ.ஆர்.எஸ். கணக்கு ஒத்துப்போகாது.

ஒவ்வொரு காருக்கும் ஷெட்யூல் ஏ என்ற இந்தப் படிவத்தின் இணைப்புத் தாளைச் சேர்க்க வேண்டும். கார் எந்த ஆண்டு, எந்த வகை, வின் எண், கைக்கு வந்த தேதி, டீலரிடம் மாற்றிக்கொடுத்தீர்களா இல்லையா என்று அது கேட்கும். மாற்றிக்கொடுத்தவர் வருமான வரம்புக்குள் இருந்தால் அந்தப் படிவத்தால் வரி கூடவும் செய்யாது, குறையவும் செய்யாது. பெற்றதையும் தகுதியையும் நேர்செய்து காட்டுவதோடு அதன் வேலை முடியும். மென்பொருளில் தாக்கல் செய்பவர்கள் "மாற்றிக்கொடுத்தேன்" என்ற பெட்டியைத் தவறவிட்டால் அதே கிரெடிட்டை இரண்டாம் முறை கேட்டதாக ஆகிவிடும்.

வின் எண்ணில் ஒரு எழுத்து பிசகினாலும் மின்வழித் தாக்கல் திரும்பி வந்துவிடக்கூடும். 17 எழுத்துகள் இருக்கின்றனவா என்று எண்ணுங்கள். ஆங்கிலத்தின் ஐ, ஓ, க்யூ எழுத்துகள் வின் எண்ணில் வரவே வராது. வட்டமாக இருப்பது பூஜ்யம், நேர்க்கோடாக இருப்பது ஒன்று. டீலர் அறிக்கையில் உள்ளதையும் கார் கண்ணாடியின் கீழ்மூலையில் உள்ளதையும் வைத்து ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள்.

இப்போது வாங்குபவர்களுக்கு என்ன மிச்சம்?

மத்திய அரசின் கார் கிரெடிட் இல்லை. 2025 சட்டமே கொண்டுவந்த வேறொன்று இருக்கிறது: புதிய காருக்கு வாங்கிய கடனின் வட்டிக்கு ஆண்டுக்கு 10,000 டாலர் வரை டிடக்‌ஷன், 2025 முதல் 2028 வரை. பெட்ரோல் காருக்கும் உண்டு, மின்சாரக் காருக்கும் உண்டு. கடைசிப் பூட்டுவேலை அமெரிக்காவுக்குள் நடந்திருக்க வேண்டும், கனடாவும் மெக்சிகோவும் இதில் சேராது. கடன் 2024 டிசம்பர் 31-க்குப் பிறகு வாங்கியதாக இருக்க வேண்டும். லீஸுக்குக் கிடையாது. வின் எண்ணை இதற்கும் எழுத வேண்டும்.

இது கிரெடிட் அல்ல, டிடக்‌ஷன் என்பதை நினைவில் வையுங்கள். விளம்பரத்தில் 10,000 என்று பார்த்து ஏமாறாதீர்கள். தம்பதிக்கு 2,00,000, மற்றவர்களுக்கு 1,00,000 டாலர் வருமானத்துக்கு மேல் ஒவ்வொரு ஆயிரத்துக்கும் 200 டாலர் குறைந்துகொண்டே வரும். நீங்கள் கட்டிய வட்டி 2,000, தம்பதியாக உங்கள் வருமானம் 2,06,000 என்றால், 1,200 போக 800 டாலர்தான் கழிக்க முடியும். 22 சதவீத அடுக்கில் அதனால் மிச்சம் 176 டாலர். 2,10,000-ஐத் தொட்டால் அதுவும் இல்லை.

வீட்டில் சார்ஜர் வைப்பதற்கான கிரெடிட் தனி. செலவில் 30 சதவீதம், அதிகபட்சம் 1,000 டாலர், படிவம் 8911. பொருத்தி முடிக்க வேண்டிய கெடு 2026 ஜூன் 30. ஆனால் குறைந்த வருமானப் பகுதி அல்லது நகரம் சாராத பகுதி என்று வகைப்படுத்திய கணக்கெடுப்பு வட்டாரத்துக்குள் உங்கள் வீடு இருக்க வேண்டும். நம்மவர்கள் அதிகம் குடியிருக்கும் புறநகர்கள் பல அதில் வருவதில்லை. மின்பணியாளருக்குப் பணம் கொடுக்கும் முன் முகவரியை வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மாநிலங்களுக்கு மாநிலம் வேறுபடும். கொலராடோவில் மாநில வரியிலேயே கிரெடிட் இருக்கிறது, வரி போதாவிட்டால் பணமாகவும் தருவார்கள். நியூ யார்க், நியூ ஜெர்சி கொடுத்துவந்தவை விற்பனை நேரத்திலேயே கழியும் தள்ளுபடிகள், வரிப் படிவத்தோடு சம்பந்தமில்லாதவை. கலிஃபோர்னியா முன்பு நடத்திய மின்சாரக் கார் தள்ளுபடித் திட்டம் 2023 நவம்பரிலேயே மூடப்பட்டது.

கடைசிப் படி: விட்டுப்போன ஆண்டைத் திருத்துவது

ஏற்கெனவே தாக்கல் செய்த படிவத்தைத் திருத்த மூன்றாண்டு அவகாசம் உண்டு, அதற்கான படிவம் 1040-எக்ஸ். 2023-ஆம் ஆண்டுக்கான படிவத்தை உரிய நேரத்தில் தாக்கல் செய்தவர்களுக்கு 2027 ஏப்ரல் 15 வரை. 2024-க்கு 2028 ஏப்ரல் வரை. சட்டம் நின்றுபோனது பழைய உரிமையைப் பாதிக்காது. வாங்கிய நாளில் தகுதி இருந்தால் இன்றும் இருக்கிறது.

திருத்தத்தோடு படிவம் 8936-ஐயும் ஷெட்யூல் ஏ-வையும் இணைக்க வேண்டும். 2024 முதல் வாங்கிய கார்களுக்கு டீலர் ஐ.ஆர்.எஸ். தளத்தில் பதிந்திருந்தால்தான் கோரிக்கை நிற்கும். எனவே முதலில் டீலரைக் கூப்பிட்டு, பதிந்தார்களா என்று கேட்டு, பதிவின் நகலை வாங்குங்கள். மென்மையாகவும் விடாமலும் கேளுங்கள். விற்றவர் வேலையை விட்டுப் போயிருப்பார், புதிதாக வந்தவருக்கு விஷயம் தெரியாது. கணக்குப் பிரிவை நேரடியாகக் கேட்டால் விரைவில் நடக்கும்.

என் நண்பருக்கு விற்ற டீலர் அறிக்கையைப் பற்றி வாயே திறக்கவில்லை என்று அவர் உறுதியாக நம்பினார். வீடு முழுக்கத் தேடிவிட்டு, கடைசியில் காருக்குப் போய் முன்பெட்டியைத் திறந்தோம். பயனர் கையேட்டுக்கும் காப்பீட்டு அட்டைக்கும் நடுவில், இரண்டாக மடித்து, அந்தத் தாள் இருந்தது. 1040-எக்ஸ் அன்று மாலையே போனது. பணம் வர எட்டு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும் என்று ஐ.ஆர்.எஸ். சொல்கிறது, சில சமயம் பதினாறு வாரமும் ஆகும். 5,840 டாலருக்கு அவர் காத்திருக்கத் தயார்.